நடுக்கமானி நிலையத்து அடிமுறை

அம்மாசியின் முன்பல் இரண்டும் தெறித்து விழுந்த அன்றைக்குத்தான், வாயு அளவை வாரியம் தொடங்கியதிலிருந்து அதுவரை ஓடாத அளவுக்கு வாயு ஓடியது. வாரியத்தின் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. பல்லைப் பற்றி ஏட்டில் ஒரு வரியும் கிடையாது. வாரியம் அளப்பது வாயுவை, பல்லை அல்ல.

அது எண்பத்தொன்றாம் வருஷம். புதுச்சத்திரத்துக்கு வடக்கே, சேலம் நாமக்கல் ரோட்டை ஒட்டி ஒரு சுண்ணாம்பு ஆலை. அதன் ஒரு கோடியில் கரியை அரைவேக்காடாக எரித்து வாயு எடுப்பார்கள். மறுகோடியில் அந்த வாயுவைக் கொளுத்தி உலையில் கல்லைச் சுடுவார்கள். இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலத்தில் இரும்புக் குழாய் ஓடியது. வாயு எடுப்பது கம்பெனி. கல்லைச் சுடுவதும் கம்பெனி. நடுவில் எவ்வளவு வாயு போகிறது என்று பார்ப்பது மட்டும் வாரியம். அதற்காகக் குழாயின் நடுப்பகுதியில் ஓட்டுக்கட்டடம் ஒன்றைக் கட்டி, மின்விசிறி போட்டு, வெள்ளியங்கிரி என்ற அதிகாரியை உட்கார வைத்திருந்தார்கள்.

வாரியம் இல்லாவிட்டால் வாயு போகாதா என்று ரங்கன் ஒருமுறை கேட்டான்.

"போகும். ஆனா போனது யாருக்குத் தெரியும்?" என்றார் வெள்ளியங்கிரி.

கல் வெந்தால் தெரிந்துவிடாதா என்று கேட்க ரங்கன் வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற அம்மாசி அவன் காலை மிதித்துவிட்டான்.

அம்மாசிக்குக் குழாய்க் காவல் வேலை. ஆடு மாடு உரசாமல், பையன்கள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரங்கன் அவன் பெண்டாட்டி சின்னாயியின் தம்பி. ஆறடி ஆள். வெள்ளிக்கிழமை தோறும் குழாய்க்குள் புகுந்து, உள்ளே படிந்திருக்கும் தாரை வழித்து வருவது அவன் வேலை.

குழாயின் வயிற்றில்தான் நடுக்கமானி இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த சாமான். உள்ளே குறுக்கே ஒரு சின்னக் கம்பம். கம்பத்துக்குப் பின்னால் தென்னங்கீற்று அகலத்துக்கு ஓர் எஃகுத் தகடு. வாயு கம்பத்தில் மோதிச் சுழித்துக்கொண்டு போகும்போது தகடு நடுங்கும். வாயு எவ்வளவு வேகமோ அவ்வளவு நடுக்கம். அந்த நடுக்கத்தை உள்ளறைப் பெட்டியில் ஒரு முள் காட்டும். அவ்வளவுதான் சங்கதி. "நம்மளாட்டந்தான் மாமா. மேல இருந்து ஒருத்தன் ஊதுனா நடுங்குது" என்றான் ரங்கன்.

மானியைத் திறந்து வைக்க அஸ்தம்பட்டித் தலைமை ஆபீசிலிருந்து தலைமை அளவையாளர் சென்னியப்பன் வந்திருந்தார். மாலையைக் கழற்றாமலே பேசினார். "வாயு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பதை இந்த வாரியம் அனுமதிக்காது. இன்று முதல் முள் காட்டுவதுதான் வாயு. முள் காட்டாதது வாயு அல்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியதில் முள் அரைக்கோடு ஏறி இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

அம்மாசிக்கு அந்த முள்ளிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை வாயுவை அடைத்த பிறகு முள் சைபருக்கு வரும். சைபருக்கு வந்தால்தான் குழாயின் கதவைத் திறந்து ரங்கனை உள்ளே விடுவார்கள். கரிவாயு ஆளை அலற விடாது, இருமவிடாது, தூங்க வைத்தே முடித்துவிடும். ஆகவே சைபர் என்றால் அது மெய்யாகவே சைபராக இருக்க வேண்டும். "என்ற தம்பிய உள்ள உடறப்ப நீங்க அந்த முள்ளப் பாத்துக்கோங்க. வேற எதையும் பாக்காதீங்க" என்று சின்னாயி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லி அனுப்புவாள்.

முள் எழுபதில் நிற்க வேண்டும் என்பது அஸ்தம்பட்டி உத்தரவு. அது இருபத்தெட்டில் நின்றது. கரியில் பாதி மண்ணாக வந்துகொண்டிருந்ததே காரணம். கரியைப் பற்றி எழுத வெள்ளியங்கிரிக்கு அதிகாரமில்லை. கரி வேறு துறை. முள் எழுபதுக்கு வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவோம், ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று மூன்று கடிதம் வந்துவிட்டது.

மூன்றாவது கடிதம் வந்த பகலில் அம்மாசி குழாயின் மேல் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தான். மேஸ்திரி பொன்னன் பார்த்துவிட்டான். அவனுக்கும் அன்று மேலே இருந்து வசவு விழுந்திருந்தது. "ஏண்டா, வாரியத்துக் குழாய் உனக்குத் தலகாணியா?" என்று பிடரியைப் பிடித்து ஓர் இடி இடித்தான். அம்மாசியின் வாய் நேராகக் குழாயில் மோதியது. பல் இரண்டும் புழுதியில் விழுந்தன.

உள்ளே வெள்ளியங்கிரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முள் எண்பத்திரண்டு.

அவர் ஜன்னலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். வாயில் ரத்தம் வழிய அம்மாசி உட்கார்ந்திருந்தான். பொன்னன் விறைத்து நின்றான்.

"என்ன பண்ணினே?"

"தூங்கிட்டிருந்தானுங்க. ஒண்ணு வெச்சேனுங்க."

"இன்னொண்ணு வெய்யி."

"முழிச்சுட்டானுங்களே."

"பரவாயில்ல. அதே எடத்துல வெய்யி."

பொன்னன் வைத்தான். முள் எழுபத்தொன்பது. வெள்ளியங்கிரியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவர் எழுபதைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மாசி வாயில் துணியை அடைத்துக்கொண்டு உள்ளறை வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த ஒரு யோசனையைச் சொன்னான். "ஏனுங்க, நடுக்கந்தான் வேணும்னா சுத்தியால கொழாயத் தட்டிப்போட்டா ஆகாதுங்களா? நானே தட்டறனுங்க."

வெள்ளியங்கிரி அதிர்ந்து போனார். எழுந்து வந்து சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். நீல வர்ணத்தில் வெள்ளை எழுத்து.

"உனக்குத்தான் இப்ப எழுத்துத் தெரியுமே. படி."

அம்மாசி நாற்பத்து மூன்றாம் வயதில் முதியோர் பள்ளியில் எழுத்துப் படித்தவன். பாடப் புத்தகத்தைவிட இந்தப் பலகையை வைத்துத்தான் அதிகம் படித்துப் பழகியிருந்தான். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து புகுந்து வர, எழுத்துக் கூட்டிப் படித்தான். "குழாயை, சுத்தி, கம்பி, கல், கட்டை ஆகியவற்றால், தட்டக் கூடாது. மீறினால் வேலை நீக்கம்."

"சுத்தின்னு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"ஆளுன்னு இருக்குதா?"

அம்மாசி மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். "இல்லீங்க."

"அப்பறமென்ன? சட்டத்துக்கு விரோதமா என்னை எதுவும் பண்ணச் சொல்லாதே" என்றார் வெள்ளியங்கிரி.

இப்படித்தான் அடிமுறை வந்தது. காலையில் ஆறு அடி, உச்சிப்பொழுதில் ஆறு, பொழுது சாயும்போது ஆறு. பொன்னன் அடிப்பவன், அம்மாசி வாங்குபவன். அம்மாசியின் பதவிப் பெயரை 'நடுக்க உதவியாளர்' என்று மாற்றினார்கள். தலையை இடித்தால் முள் ஏறுகிறது, ஆனால் ஆள் மயங்கிவிடுகிறான். தோளை இடித்தால் ஆள் தாங்குகிறான், முள் அறுபதைத் தாண்டுவதில்லை. பல விதமாகச் செய்து பார்த்து, நெற்றியின் பக்கவாட்டை மானிக்கு ஒரு சாண் கீழே இடிப்பதுதான் உத்தமம் என்று வெள்ளியங்கிரி கண்டுபிடித்தார். பொன்னனுக்குப் பத்தாம் நாளே தோள்பட்டை இறங்கிவிட்டது.

"தப்பா நெனைக்காத அம்மாசி. வேலையாப் போச்சு" என்பான் ஒவ்வோர் அடிக்கும் முன்னால்.

"அடி சாமி, அடி. சீக்கிரம் முடி" என்பான் அம்மாசி.

அடி முடிந்ததும் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். அம்மாசி பொன்னனின் தோளுக்கு எண்ணெய் நீவிவிடுவான். அடிப்பவன் படுத்துவிட்டால் வேறு மேஸ்திரி வருவான்; புதியவன் இடம் பார்த்து அடிக்க மாட்டான்.

வீட்டில் சின்னாயி அவன் நெற்றிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "இந்தக் கெரகம் புடிச்ச வேலை நமக்கு வேண்டாங்க. கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கிக் கஞ்சி குடிக்கலாம்" என்றாள்.

"நாம் போயிட்டா ரங்கன உள்ள உடறப்ப முள்ளப் பாக்கறது ஆரு?" என்றான் அம்மாசி.

அவனுக்கு உள்ளூர வேறொரு பயம் இருந்தது. பொய்யாக ஏறப் பழகிய முள், பொய்யாக இறங்கவும் பழகிவிட்டால்?

சென்னியப்பன் மறுபடி வந்தார். இந்தத் தடவை நிலையத்துக்குக் கேடயம். பந்தல் போட்டு, ரோட்டுப் பக்கம் ஒலிபெருக்கி கட்டினார்கள். அடிமுறையைக் கண்ணால் காண வேண்டும் என்று அவர் கேட்டதால் ஆறு அடி நடத்திக் காட்டினார்கள். நெற்றி பிளந்து ரத்தம் குழாயில் கோடாக இறங்கியது. சென்னியப்பன் முள்ளை மட்டும் பார்த்தார்.

"சிலர் கேட்கிறார்கள்," என்று அவர் பேசினார், "ஆளை அடிப்பதால் வாயு எப்படி அதிகமாகும் என்று. நான் கேட்கிறேன், அடிக்காமல் இந்த நாட்டில் எது அதிகமாகியிருக்கிறது? நம் பொறியாளர்களுக்குச் சீமையில் கற்றுத்தராத ஒன்றைப் புதுச்சத்திரம் கற்றுத் தந்திருக்கிறது. தொழிலாளிக்கும் கருவிக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தோம். இதோ, இடைவெளி இல்லை."

அம்மாசிக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அந்தத் துண்டிலேயே அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் பக்கத்துக் காட்டுக்காரர் சுப்பையன் ஆழ்துளைக் கிணறு போட்டார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்து நின்றது. முதல் நாள் பாறையில் இறங்கியதுமே நிலையத்து ஓடெல்லாம் கடகடவென்று ஆடியது. முள் நூற்றுப் பதினெட்டுக்குப் போய் அங்கேயே நின்றது.

எட்டு நாள் அம்மாசிக்கு அடி இல்லை. நெற்றி ஆறி வந்தது. பொன்னன் கையைத் தூக்கித் தலை சீவினான். கேட்டுக்கு வெளியே போய் நின்று, ரிக் ஓட்டுகிறவனிடம், "ஏனுங்க, தண்ணி வந்துருமுங்களா?" என்று அம்மாசி தினமும் கேட்டான். "இன்னும் பாறைதானுங்க" என்று அவன் சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அம்மாசியின் முகம் மலரும். தண்ணீர் வரக்கூடாது என்று நினைப்பது பாவம் என்றும் தெரிந்தது. பாவமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்தான்.

அந்த எட்டு நாளும் உலையில் கல் பச்சையாகவே வெளியே வந்தது. சுண்ணாம்புக் கம்பெனிக்காரர்கள் சுடாத கல் ஒன்றைக் கொண்டுவந்து வெள்ளியங்கிரியின் மேசையில் வைத்தார்கள். கரி சரியில்லை, வாயு போதவில்லை என்றார்கள்.

"நூத்துப் பதினெட்டு ஓடுது. கல்லுதான் வேக மாட்டேங்குது. கல்லைக் கண்டியுங்க" என்று அனுப்பிவிட்டார் வெள்ளியங்கிரி.

ஒன்பதாம் நாள் தண்ணீர் பீறிட்டது. சுப்பையன் கிடா வெட்டினார். ரிக் வண்டி கிளம்பிப் போனது. முள் இருபத்தாறுக்கு வந்தது.

அஸ்தம்பட்டியிலிருந்து தந்தி வந்தது: நூற்றுப் பதினெட்டு எங்கே?

"ரிக்கு அடிச்ச அளவுக்கு நீ வாங்கோணும். வேற வழியில்ல" என்றார் வெள்ளியங்கிரி.

"அது பாறையக் குடையற மிசினுங்க. நானு மனுசனுங்க."

"மனுசன்கிறதாலதான் உன்னைக் கேட்டுக்கிட்டுச் செய்யறோம். ரிக்கைக் கேட்டமா?"

பதினெட்டு அடி நாற்பதாயிற்று. பொன்னன் ஒருவனால் ஆகவில்லை. காலுக்கு ஒருவன், கைக்கு ஒருவன் என்று இரண்டு பேரைக் கூடக் கொடுத்தார்கள். கட்டையைத் தூக்கிக் கதவை இடிப்பதுபோல அம்மாசியை மூன்று பேரும் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, ஏலேலோ பாடாத குறையாகக் கொண்டுபோய் இடித்தார்கள். ஒரு காது கேட்காமல் போனது. இடது கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒரு வெள்ளியங்கிரிக்கு இரண்டு வெள்ளியங்கிரி நின்றார்கள்.

ஒரு புதன்கிழமை, இருபத்து மூன்றாவது அடியில், குழாய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்கிற காதுப் பக்கம் என்பதால் அம்மாசிக்குத் தெளிவாகக் கேட்டது. உள்ளே தகடு ஒடிந்துவிட்டது.

முள் சைபருக்கு வந்து படுத்துக்கொண்டது.

பொன்னன் இன்னும் பத்து அடி வைத்தான். அசையவில்லை. வெள்ளியங்கிரி போன் செய்தார். ஒன்றரை மணி நேரத்தில் ஜீப்பில் சென்னியப்பனே வந்து இறங்கி, உள்ளறைப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முள்ளை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"வாயு நின்றுவிட்டது. தார் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆளை உள்ளே அனுப்பி வழிக்கச் சொல்லுங்கள்."

"வாயுவ அடைக்கச் சொல்லீரலாங்களா?" என்று பொன்னன் கேட்டான்.

"ஓடாத வாயுவை எதற்கு அடைக்க வேண்டும்?"

அம்மாசி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். "சாமி, தகடு ஒடிஞ்சு போச்சுங்க. வாயு போயிட்டுத்தானுங்க இருக்குது. அந்தக் கோடியில பாருங்க, உலையில தீ எரியுதுங்க."

சென்னியப்பன் திரும்பவில்லை. "உலை நம் வாரியத்தைச் சேர்ந்ததல்ல."

குழாயின் கதவுக்குப் பத்து மரை. நான்கு மரையை ரங்கன் தளர்த்தியபோதே உஸ்ஸென்று சத்தம் வந்தது. கீழே வெள்ளியங்கிரி நிலையத்தில் வளர்த்த கோழிகளில் ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. அது ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய காலை ஊன்றாமலே சாய்ந்தது.

"பாருங்க" என்றான் அம்மாசி.

வெள்ளியங்கிரி கோழியைக் காலால் புரட்டிப் பார்த்தார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, முட்டையிடுகிற கோழி. "வெள்ளைக்கழிச்சல். ஊரெல்லாம் இருக்குது. கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சொல்லி உடோணும்."

ரங்கன் மரையை விட்டுவிட்டு எழுந்தான். "நாம் போக மாட்டனுங்க."

"பொன்னா, புடி அவனை" என்றார் வெள்ளியங்கிரி.

அப்போதுதான் அம்மாசி குறுக்கே விழுந்து அந்த வார்த்தையைச் சொன்னான். அதைச் சொல்லுவோம் என்று அவனே நினைத்ததில்லை. "என்னை அடிங்க சாமி. எத்தன வேணும்னாலும் அடிங்க. முள்ளு ஏறுதான்னு பாத்துப்போட்டு அப்பறம் அவன உள்ள உடுங்க."

நியாயமாகப் பட்டதால் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் தூக்கி இடித்தார்கள். அம்மாசி ஒவ்வோர் இடிக்கும் தானாகவே தலையை முன்னுக்குக் கொடுத்தான். எட்டு, ஒன்பது, பத்து. பொன்னன் அழுதுகொண்டே இடித்தான். உள்ளேயிருந்து சென்னியப்பனின் குரல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தது: "சைபர்."

பதினைந்தோடு நிறுத்தினார்கள்.

"பாத்தியா? அடிச்சும் ஏறலைன்னா வாயு இல்லைன்னு நீயே ருசுப்படுத்திட்டே" என்றார் வெள்ளியங்கிரி.

ரங்கனைத் தள்ளிக்கொண்டு போக ஆறடி உடம்புக்கு நான்கு பேர் வேண்டியிருந்தது. கதவைப் பாதி விலக்கினார்கள். அவன் உதைத்தான், கடித்தான். ஒருவன் அவன் வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்த, தலையும் தோளும் உள்ளே போயின. "மாமா" என்று கத்தியது இரும்புக்குள்ளிருந்து வேறு யாரோ கத்துவதுபோல வந்தது. இரண்டாவது தடவை கத்தவில்லை. வெளியே உதைத்துக்கொண்டிருந்த காலில் ஒன்று, கோழியின் கால்போல, தூக்கியபடியே நின்றது.

அம்மாசி எழுந்தான். அவனுக்கு இரண்டு வெள்ளியங்கிரி தெரிந்தார்கள். வலப்பக்கத்து வெள்ளியங்கிரியைத் தேர்ந்தெடுத்து, சட்டைக் காலரையும் இடுப்பு வாரையும் சேர்த்துப் பிடித்தான். நல்ல வேளையாக அவர்தான் அசல். மூன்று மாதமாகத் தன்னை எப்படிப் பிடித்தார்களோ அதே பிடி. எங்கே இடிக்க வேண்டும் என்பதும் அந்த நிலையத்தில் அவனைப்போல் வேறு யாருக்கும் தெரியாது. மானிக்கு ஒரு சாண் கீழே அவன் நெற்றி பட்டுப் பட்டு இரும்பு வழுவழுவென்று ஆகியிருந்தது. பின்னுக்கு இழுத்து, ஓர் இடி இடித்தான்.

தேங்காய் உடைத்த சத்தம் கேட்டது. குழாய்க்குள் ஒடிந்து தொங்கிய தகடு துள்ளிப்போய் எங்கேயோ சொருகிக்கொண்டது.

முள் நூற்றைம்பதுக்குப் போய், அதற்குமேல் கோடு இல்லாததால் நின்றது.

"வாயு வருகிறது!" என்று உள்ளே சென்னியப்பன் எழுந்து நின்றார். வெளியே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது முள்ளை மட்டும். "நூற்றைம்பது. ஆளை வெளியே எடுங்கள். முள் காட்டும்போது யாரும் உள்ளே இருக்கக்கூடாது. விதி."

விதி என்றதும் நான்கு பேரும் ரங்கனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். பொன்னன் தண்ணீரை ஊற்றி, மாரை அமுக்கி, கன்னத்தில் அறைந்தான். வெகுநேரம் கழித்து ரங்கன் வாந்தியெடுத்தான். அம்மாசி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் வெள்ளியங்கிரி கோழியை ஒட்டினாற்போலக் கிடந்தார். அவருக்கும் மூச்சு இருந்தது. அவர் தலை வாரியத்துக்குப் பயன்பட்ட முதல் நாள் அது.

அன்று சாயங்காலமே போலீஸ் வந்து அம்மாசியைக் கொண்டுபோனது. இரண்டு நாள் வைத்து அடித்தார்கள். அங்கே மானி இல்லாததால் எவ்வளவு அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

விசாரணை அஸ்தம்பட்டியில், தலைமை ஆபீஸ் மாடியில் நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் சென்னியப்பனும் இன்னும் நான்கு பேரும். ஓரத்தில் தலைக்கட்டோடு வெள்ளியங்கிரி. நிலையத்துப் பலகையைக் கழற்றி வந்து சாட்சிப் பொருளாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"குழாயை இடித்தாயா?"

"இடிச்சனுங்க."

"விதி தெரியுமா?"

"தெரியுமுங்க. படிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மாசி நிதானமாகப் படித்தான். "சுத்தி, கம்பி, கல், கட்டை." படித்து முடித்து, "இதுல எதாலயும் நாந் தட்டலீங்க. அதிகாரின்னு போடலீங்க" என்றான்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து ஒவ்வொருவராகப் பலகையைப் படித்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். ஒருவர் பலகையின் பின்பக்கத்தையும் பார்த்தார். அதிகாரி என்று எங்கேயும் இல்லை.

"மண்டையில பதினாலு தையல்" என்றார் வெள்ளியங்கிரி, மெதுவாக.

"அவ்வளவுதானா? முள் நூற்றைம்பது காட்டியதே" என்றார் மூன்றாவது ஆள். நூற்றைம்பதைப் பற்றி ஏற்கெனவே மேலிடத்துக்கு எழுதிப் பாராட்டுக் கடிதமும் வந்திருந்தது.

சென்னியப்பன் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "ஆளைக்கொண்டு குழாயை இடிப்பது தப்பு என்றால், மூன்று மாதமாக நாம் செய்தது தப்பாகும். முள் பொய் என்றால், வாரியம் பொய்யாகும். இரண்டும் நடக்காது. ஆகவே நடந்தது எதுவும் தப்பில்லை. இனிமேல் நடந்தால் தப்பு. விதியைத் திருத்துவோம்."

அம்மாசியை வேலையில் வைத்துக்கொண்டார்கள். அடி வாங்கிப் பழகிய ஆள் வேறு கிடைக்கவில்லை.

இரண்டு மாதத்தில் புது மானி கப்பலில் வந்தது. அதைத் திறந்து வைக்கும் நாளன்று, சேலத்திலிருந்து வந்த பெயிண்டர் புதுப் பலகையை எழுதி மாட்டிவிட்டு ஏணியை மடித்துக்கொண்டிருந்தான். பெயிண்டு இன்னும் காயவில்லை. ரங்கன் வந்து நின்றான். அன்றிலிருந்து அவனுக்குப் பேச்சில் கொஞ்சம் தடுமாற்றம். கையும் லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன போட்டிருக்குது மாமா?"

அம்மாசி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரட்டையாகத் தெரியாமல் படித்தான். "சுத்தி, கம்பி, கல், கட்டை, அதிகாரி ஆகியவற்றால் தட்டக் கூடாது."

"நம்மளப் போட்டிருக்குதா?"

அம்மாசி மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தான். "இல்ல, மாப்ள."

வேப்பமரத்தடியில் பொன்னன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இங்கே பார்க்காமல் நின்றான். கேட்டில் ஜீப் வந்து நின்றது. சென்னியப்பன் இறங்கினார். மாலை, மேளம். புது மானியை ஜனங்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று இந்தத் தடவை உள்ளறைக்குப் போகாமல் நேராகக் குழாய்க்கு அருகிலேயே வந்துகொண்டிருந்தார்.

"மாமா, வெள்ளிக்கெழமை மறுபடியும் முள்ளு பொய் சொன்னா என்ன பண்றது?" என்று ரங்கன் கேட்டான்.

அம்மாசி பலகையை இன்னொரு தடவை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"அதிகாரின்னுதான் போட்டிருக்குது. தலைமை அளவையாளர்னு போடலே" என்றான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அவர் வந்து சேருமுன் போய், மானிக்கு ஒரு சாண் கீழே, வழுவழுப்பாக இருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்தான்.